வெளிநாட்டிலிருந்து வந்த மெடிக்கல் ரிப்போர்ட் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு மழை நாளில் ஓர் அக்கா கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு எங்கள் கிளினிக் கவுண்டருக்கு வந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சி போன இடத்தில் அவருடைய அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பித்தப்பையை எடுத்து, பத்து நாள் கழித்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். செலவான பணத்துக்குக் காப்புறுதி நிறுவனத்தில் விண்ணப்பம் போட்டால், "இந்த அறிக்கை உண்மையானது என்று உறுதிப்படுத்தவும்" என்று ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது.

"தம்பி, ஆபரேஷன் பண்ண தழும்பு அம்மா வயித்துல இருக்கு. இதுக்கு மேல என்ன உண்மை வேணும் இவங்களுக்கு?" என்று கேட்டார்.

அவர் கோபம் நியாயமானது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்கிற முறையில், இந்த மாதிரி ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் தோட்டப்புறச் சிறுநகரம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து ஆஸ்பத்திரியும், அங்கே வைத்தியம் பார்க்கும் உதவியாளரான டிரஸ்ஸரும் இருந்த நாளில் நோய், மருந்து, சீட்டு எல்லாம் ஒரே வேலிக்குள் முடிந்துவிடும். சீட்டில் யார் கையெழுத்து என்று தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குப் பார்த்ததுமே தெரியும். இன்றைக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள், பெரியவர்கள் சென்னைக்கும் மதுரைக்கும் வேலூருக்கும் வைத்தியத்துக்குப் போகிறார்கள், தோட்டத்தில் வேலை பார்க்க நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் எங்கோ ஓர் ஊரில் அச்சடித்த ஒரு தாள். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று முதல் தடவை கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் "உண்மையான ரிப்போர்ட்" என்று சொல்லும்போது நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அப்படி ஓர் ஆஸ்பத்திரியும் அப்படி ஒரு டாக்டரும் நிஜமாகவே இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்றால், இந்தத் தாளை அவர்கள்தான் கொடுத்தார்களா, கொடுத்த பிறகு யாரும் எதையும் மாற்றவில்லையா? அதுவும் சரி என்றால், தாளில் எழுதியிருக்கும் நோய் அந்த ஆளுக்கு உண்மையிலேயே இருந்ததா?

அக்கா சொன்ன தழும்பு மூன்றாவது கேள்விக்குப் பதில். காப்புறுதி நிறுவனம் கேட்டது இரண்டாவது கேள்வி. இரண்டு பேரும் வேறு வேறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் அந்தக் கடிதம் அவருக்கு அவமானமாகப் பட்டது. இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கும் இடம் வேறு.

முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம் மக்களுக்கு முத்திரை என்றால் தனி மரியாதை. நீல மை, வட்ட முத்திரை, நடுவில் பாம்பு சுற்றிய கோல், கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. இதெல்லாம் இருந்தால் மனசு நம்பிவிடுகிறது. ஆனால் ரப்பர் முத்திரை செய்து தரும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் லோகோவை அதன் இணையதளத்திலிருந்தே எடுத்துவிடலாம். நல்ல பிரிண்டர் இருந்தால் தலைப்புத்தாள் தயார். முத்திரை இருப்பதால் தாள் உண்மையாகிவிடாது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. முத்திரை மங்கலாக இருப்பதாலோ, எழுத்துப்பிழை இருப்பதாலோ ஒரு தாள் பொய்யாகிவிடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் மனசை உறுத்துகிறது. தோட்டத்தில் வேலை செய்த ஒரு நேப்பாளத் தம்பி, ஊருக்கு லீவில் போயிருந்தபோது உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொல்லி ஒரு சீட்டைக் காட்டினார். அவர்கள் மொழியில் ஒரு பக்கம், கையால் நிரப்பியது. அதில் தேதி 2080 என்று இருந்தது. இல்லாத வருடத்தைப் போட்டிருக்கிறார்களே, இது போலி என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்லிவிட்டேன். அந்த நாட்களுக்கான சம்பளத்தை அந்தத் தம்பி இழந்தார். நேப்பாளத்தில் அரசாங்கக் காகிதங்களுக்கு விக்ரம் சம்வத் ஆண்டுக்கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது நம் ஆங்கில ஆண்டை விடக் கிட்டத்தட்ட 57 வருடம் முன்னால் ஓடும். அவர் சீட்டில் இருந்த 2080, ஐந்தாம் மாதம், 12 என்பது 2023 ஆகஸ்ட் கடைசி வாரம். எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

தாய்லாந்துச் சீட்டும் இப்படித்தான். ஹட்யாய் போன இடத்தில் விபத்தாகி அங்கே கட்டுப்போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பௌத்த ஆண்டு எழுதுவார்கள். 543 வருடம் கூடுதலாக இருக்கும். 2567 என்றால் 2024. அமெரிக்கக் காகிதமாக இருந்தால் மாதம் முதலில், நாள் இரண்டாவதாக வரும். ஒரு தாளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்த நாட்டின் வழக்கம் என்ன என்று ஒரு நிமிடம் தேடிப் பார்ப்பது நம் கடமை. பொய்த்தாளை நம்பிவிட்டால் ஒரு நிறுவனத்துக்குப் பணம் போகும். உண்மைத்தாளைத் தள்ளிவிட்டால் நோயாளியின் வீட்டில் அடுப்பு எரியாது.

சரி, முத்திரையும் அழகும் உதவாது என்றால் வேறு எதை நம்புவது?

தாள் வந்த இடத்தையே கேளுங்கள்

இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஒரு மருத்துவ அறிக்கை என்பது ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் இருக்கும் ஒரு விவரத்தின் நகல். மூலம் அங்கே இருக்கிறது. கையில் இருக்கும் தாளை எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும், மூலத்தோடு ஒப்பிடாத வரை அது வெறும் தாள்தான். அதனால் சரிபார்ப்பது என்றால் கொடுத்தவரிடமே திரும்பக் கேட்பது. காப்புறுதி நிறுவனங்களும் வேலை கொடுக்கும் பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன; நாமும் செய்யலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் போன் நம்பருக்கோ ஈமெயிலுக்கோ கேட்கக் கூடாது. போலி செய்கிறவன் தன் நண்பனின் நம்பரையே ஆஸ்பத்திரி நம்பர் என்று போட்டுவிடலாம். நாம் கூப்பிட்டால் "ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்" என்று அந்த நண்பனே சொல்லிவிடுவான். ஆஸ்பத்திரியின் இணையதளத்தை நாமே தேடி, அங்கே இருக்கும் நம்பரை எடுக்க வேண்டும். அது தாளில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் நாம் தேடி எடுத்ததைத்தான் நம்ப வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு. இந்திய ஆஸ்பத்திரிகளில் "மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்" என்று சொன்னால் இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி மேசை வைத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அங்கேயும் கேட்கலாம். இந்திய நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 6.30, யாரும் எடுக்க மாட்டார்கள். மதியம் 12.30க்கு மேல் கூப்பிடுங்கள்.

போனில் பதில் சொல்ல மறுத்தால் கோபப்பட வேண்டாம், மறுப்பதுதான் சரி. ஒருவருடைய நோய் விவரத்தை முன்பின் தெரியாத குரலிடம் சொல்லக் கூடாது. இங்கே 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது போல, இந்தியாவிலும் 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மருத்துவ ஒழுக்கம் அதுதான். அதனால் நோயாளியே எழுத வேண்டும், அல்லது நோயாளி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தோடு மற்றவர் எழுத வேண்டும். கடிதத்தோடு கடப்பிதழின் (பாஸ்போர்ட்) முதல் பக்க நகலும், கையில் உள்ள ரிப்போர்ட்டின் ஸ்கேன் நகலும் போக வேண்டும்.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள். நோயைப் பற்றி எதுவும் கேட்கத் தேவையில்லை. இந்த எண்ணுள்ள ரிப்போர்ட் உங்களுடையதா, இந்தத் தேதியில் இந்த நோயாளிக்குக் கொடுத்தீர்களா, இணைத்திருக்கும் நகல் உங்கள் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டால், இரண்டு வரியில் பதில் வந்துவிடும். நீளமாகக் கதை எழுதினால் அது யார் மேசையிலாவது தூங்கும். பதில் ஆஸ்பத்திரியின் சொந்த ஈமெயில் முகவரியிலிருந்து வந்தால் நல்லது. சின்ன ஊர் நர்சிங் ஹோம்கள் சாதாரண ஜிமெயிலில்தான் எழுதும், அதுவும் உண்மைதான். அப்போது நாம் தேடி எடுத்த நம்பருக்கு ஒரு தடவை போன் செய்து, அந்தப் பதிலை அவர்கள்தான் அனுப்பினார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

தாமதிக்காமல் கேட்பது முக்கியம். இந்தியாவில் டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த 72 மணி நேரம் நம் மக்கள் பலருக்குத் தெரியாத உரிமை. கேட்கும் கடிதத்தில் இதை மரியாதையோடு ஒரு வரி குறிப்பிடலாம். மூன்று வருடம் தாண்டிவிட்டால் பதிவு இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

டாக்டர் இருக்கிறாரா?

இது மூன்றில் மிகச் சுலபமான கேள்வி. பல நாடுகளில் டாக்டர்களின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். இங்கே மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பழைய மருத்துவக் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அதன் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரைப் போட்டும் தேடலாம், பதிவு எண்ணைப் போட்டும் தேடலாம். எந்த மாநிலக் கவுன்சில் என்று தெரிந்தால் தேடுவது இன்னும் எளிது. சிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் அவரவர் மன்றங்கள் உண்டு. பிரிட்டிஷ் டாக்டர் என்றால் பதிவு எண் ஏழு இலக்கம்.

முன்பு சொன்ன அதே இந்திய விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் தன் மருந்துச்சீட்டிலும் சான்றிதழிலும் பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். அதனால் இந்தியாவிலிருந்து வந்த சான்றிதழில் எண்ணே இல்லை என்றால் கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. எண் இருந்தால் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்பதோடு, பட்டம் வாங்கிய வருடத்தையும் கவனியுங்கள். 2019இல் டாக்டர் ஆனவர் 2016இல் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் டாக்டர் பெயர் இருப்பது, அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதை மட்டும்தான் காட்டும். போலி செய்கிறவர்களும் நிஜ டாக்டரின் பெயரையும் எண்ணையும்தான் திருடிப் போடுவார்கள். இந்தப் படியோடு நின்றுவிடக் கூடாது.

தாளுக்குள் இருக்கும் கணக்கு

மூலத்தைக் கேட்டுப் பதில் வருவதற்குள், தாளையே நிதானமாகப் படித்தால் சில விஷயங்கள் தெரியவரும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். லேப் ரிப்போர்ட் என்பது ஒன்றோடொன்று பின்னிய எண்கள். ஒரு எண்ணை மாற்றினால் வேறு எங்கோ அது உதைக்கும்.

நேரத்திலிருந்து தொடங்குங்கள். நல்ல லேப் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், முடிவு வெளியிட்ட நேரம் என்று மூன்று இருக்கும். அவை வரிசையாக ஓட வேண்டும். சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒன்று இரண்டு நாளாவது வேண்டும், கிருமி வளர வேண்டுமே. சதைத்துண்டைப் பதப்படுத்திச் சீவிப் பார்க்கும் பயாப்ஸிக்குச் சில நாள் ஆகும். காலையில் எடுத்த சதைக்கு அன்று மதியமே முழு பயாப்ஸி ரிப்போர்ட் என்றால் ஏதோ சரியில்லை.

அடுத்தது கூட்டல். வெள்ளை அணுக்களை ஐந்து வகையாகப் பிரித்துச் சதவீதம் போட்டிருப்பார்கள். 62, 28, 6, 3, 1 என்று இருந்தால் கூட்டினால் 100 வரும். ஒரு எண்ணைத் திருத்தியவர் மற்றதை மாற்ற மறந்திருந்தால் 108, 93 என்று நிற்கும். கொழுப்புக் கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. மில்லிகிராமில் எழுதும் இந்திய அளவில், மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கெட்ட கொழுப்பு கிட்டத்தட்ட வந்துவிடும். மொத்தம் 210, நல்லது 45, டிரைகிளிசரைட் 150 என்றால் 210 − 45 − 30 = 135. சில லேபுகள் கெட்ட கொழுப்பை நேரடியாகவே அளப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் 135 வர வேண்டிய இடத்தில் 80 இருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அளவுகளின் பெயரையும் பாருங்கள். இந்தியாவில் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். இங்கே ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். இந்திய எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும். அங்கே 126 என்றால் இங்கே 7. நம் ஊர் ஆட்கள் இந்திய ரிப்போர்ட்டில் 126ஐப் பார்த்துப் பயந்துபோய் வந்து நிற்பதும், எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, பொய்யோ என்று கேட்பதும் நடக்கும். சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் இந்தியாவில் 1.0 மில்லிகிராம் என்றால் இங்கே 88 மைக்ரோமோல். எண் மாறியிருப்பதாகத் தோன்றினால் முதலில் அளவைச் சரிபாருங்கள்.

இங்கேயும் ஒரு நிதானம் வேண்டும். நிஜமான ரிப்போர்ட்டிலும் தட்டச்சுப் பிழை வரும். கணக்கு உதைத்தால் அது ஆஸ்பத்திரியிடம் கேட்க ஒரு காரணம். அதை வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

பெயர் படுத்தும் பாடு

நான் பார்த்தவரையில், நம் மக்களின் உண்மையான ரிப்போர்ட்டுகள் தள்ளப்படுவதற்குப் போலி காரணமாக இருப்பதை விடப் பெயர் காரணமாக இருப்பதே அதிகம். நம் ஐசியிலும் (அடையாள அட்டை) கடப்பிதழிலும் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர் என்று ஒரே வரியாக இருக்கும். மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாது. அப்பா பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்கி இனிஷியலாகப் போட்டுவிடும். கல்யாணமான பெண் என்றால் கணவர் பெயரைக் கேட்டு அதன் முதலெழுத்தைப் போடும். சில கணினியில் சாய்கோடே ஏறாது. அதனால் "ஏபி" என்பது பெயரின் நடுவில் ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு பெயரே பிறந்துவிடும்.

அந்த அக்காவின் அம்மாவுக்கு நடந்தது அதுதான். ரிப்போர்ட்டில் அம்மாவின் பெயருக்கு முன்னால் கணவரின் இனிஷியல். கடப்பிதழில் அம்மாவுடைய அப்பாவின் முழுப்பெயர். வயது 67 என்று மட்டும் இருந்தது, பிறந்த தேதி இல்லை. ஐசி எண்ணும் இல்லை, கடப்பிதழ் எண்ணும் இல்லை. காப்புறுதி நிறுவனத்தின் மேசையில் இருப்பவர் பார்வையில், இந்தத் தாளில் இருப்பவர் வேறு யாரோ ஒரு அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்ன சந்தேகம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால், அக்கா ஆறு வாரம் அலைந்திருக்க வேண்டாம்.

இதற்கு மருந்து, அடையாள எண். நம் ஐசியின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. எண்ணிலேயே ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும். ஆனால் வெளிநாட்டில் நம் அடையாளம் கடப்பிதழ்தான். ஆஸ்பத்திரியில் பதியும்போதே கடப்பிதழைக் கொடுத்து, அதில் உள்ளபடி பெயரையும் எண்ணையும் பிறந்த தேதியையும் போடச் சொல்லுங்கள். வலியில் துடிக்கும்போது யாருக்கும் இது தோன்றாது, தெரியும். கூடப் போகிறவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கியூஆர் சதுரமும் பிடிஎஃப் கையெழுத்தும்

இப்போது பல ரிப்போர்ட்டுகளின் மூலையில் ஒரு கியூஆர் சதுரம் இருக்கிறது. கோவிட் காலத்தில் தடுப்பூசிச் சான்றிதழோடு நமக்குப் பழகியது. போனைக் காட்டினால் ஒரு பக்கம் திறந்து "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டும். பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தச் சதுரத்துக்குள் பெரும்பாலும் இருப்பது ஓர் இணைய முகவரி. போலிப் பக்கம் ஒன்றைச் செய்து அந்த முகவரியை யாரும் சதுரமாக்கிவிடலாம். திறந்த பக்கத்தின் முகவரி ஆஸ்பத்திரியின் உண்மையான முகவரிதானா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அதன் பிறகு, திரையில் வரும் விவரம் தாளில் உள்ளதோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். உண்மையான ரிப்போர்ட்டின் சதுரத்தை வெட்டிப் போலித்தாளில் ஒட்டுவதும் முடிகிற காரியம்தான்.

பிடிஎஃப்பில் போடும் மின் கையெழுத்து இதை விட வலுவானது. கையெழுத்திடும்போது கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு விரல்ரேகை போன்ற எண் உருவாகி, அது பூட்டப்பட்டுவிடும். பிறகு ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை பொருந்தாது. திறக்கும்போதே எச்சரிக்கை வரும். மலேசியாவில் இதற்கு 1997இலேயே சட்டம் வந்துவிட்டது, இந்தியாவில் 2000இல். ஆனால் இந்த வலு அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து, வாட்ஸாப்பில் அனுப்பினால் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது வெறும் படம். அதனால் ஆஸ்பத்திரி அனுப்பிய ஈமெயிலை அழிக்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு அந்தக் கோப்பையே அப்படியே அனுப்புங்கள்.

வெளியுறவு அமைச்சு முத்திரை எதைச் சொல்கிறது?

"ஹைகமிஷன்ல சாப் வாங்கிட்டா ஒரிஜினல் ஆயிடுமா தம்பி?" என்று அடிக்கடி கேட்பார்கள். பெரிய கட்டடத்தில் வாங்கிய சாப் என்பதால் வரும் நம்பிக்கை இது.

ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள இரண்டு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒன்று அப்போஸ்டில். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே ஒரு சான்று போதும். இந்தியாவில் அது 2005 முதல் நடப்பில் இருக்கிறது, சிங்கப்பூரில் 2021 முதல். மலேசியா நீண்ட காலம் அதில் சேராமலே இருந்துவந்ததால், இங்கே பழகிப்போனது இரண்டாவது வழியான சங்கிலி முறை. காகிதம் பிறந்த நாட்டின் வெளியுறவு அமைச்சு ஒரு சாப் போடும். அதைப் பார்த்து, அந்த நாட்டில் இருக்கும் மலேசியத் தூதரகம் இன்னொரு சாப் போடும். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வசதியாகச் சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இரண்டு வழியிலும் அந்தச் சாப் சொல்வது ஒன்றே: முந்தைய படியில் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பதவியில் இருப்பவர்தான், அந்த முத்திரை அவருடையதுதான். உள்ளே எழுதியிருக்கும் நோய் உண்மை என்று எந்தத் தூதரகமும் சான்று தராது. இங்கே சத்தியப்பிரமாண ஆணையரிடம் ஃபோட்டோஸ்டேட் நகலுக்கு வாங்கும் முத்திரையும் அப்படித்தான். நகல் மூலத்தைப் போல இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மொழிபெயர்ப்புச் சான்றும் மொழிபெயர்ப்பு சரி என்று மட்டும் சொல்லும். நீதிமன்றமோ அரசாங்க இலாகாவோ கேட்டால் இதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டும். யாரும் கேட்காமல் நீங்களாகப் பணம் செலவழித்து இந்தச் சங்கிலியில் இறங்காதீர்கள். காப்புறுதிக்கும் வேலை இடத்துக்கும் பல சமயம் ஆஸ்பத்திரியின் இரண்டு வரி ஈமெயிலே போதும். எது வேண்டும் என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பையே கேட்பது

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எழுதியிருக்கும் நோய் உண்மையா? தாள் எதுவும் இல்லாமலே இதற்குப் பல சமயம் பதில் கிடைக்கும்.

தோட்டத்துக்குப் புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து ஆரோக்கியச் சான்றோடு வந்தாலும், இங்கே இறங்கி 30 நாளுக்குள் ஃபோமேமா என்ற கட்டாய மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். 1997 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் புதிதாக எடுப்பார்கள். அவர் கொண்டுவந்த சான்று உண்மையா என்று யாரும் மூளையைக் கசக்கத் தேவையில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு போன்று இன்னும் உடம்பில் இருக்கும் நோய் என்றால் இதே வழிதான். சந்தேகம் இருந்தால் இங்கேயே ஒரு தடவை பரிசோதித்துவிடலாம்; பத்து ஈமெயிலை விட வேகமானது. பித்தப்பை எடுத்திருந்தால் வயிற்று ஸ்கேனில் அது இல்லை என்று தெரியும். அக்கா சொன்ன தழும்புக்கு மதிப்பு கிடைக்கும் இடம் இது. வந்து போன காய்ச்சலுக்கு மட்டும் உடம்பு சாட்சி சொல்லாது. அதற்குப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை.

பெரிய நோய் என்றால் ரிப்போர்ட்டோடு அதன் மூலப்பொருளையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் எடுத்தால் படங்கள் அடங்கிய சிடி. அந்தக் கோப்புகளுக்கு டைகாம் என்று பெயர். நோயாளி பெயர், தேதி, எந்த இயந்திரம் என்பதெல்லாம் படத்தோடு சேர்ந்தே இருக்கும். ஈப்போவில் ஒரு ரேடியாலஜிஸ்ட் அதைத் திறந்து தன் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். புற்றுநோய் என்றால் மெழுகில் பதித்த சதைத்துண்டையும் கண்ணாடிச் சில்லையும், அதாவது பிளாக், ஸ்லைடு இரண்டையும் கேட்கலாம். அங்கே எழுதிக் கொடுத்ததை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. இங்கே இருக்கும் நிபுணர் மறுபடி நுண்நோக்கியில் பார்த்துவிடுவார். மருந்து தொடங்குவதற்கு முன் இரண்டாவது கருத்துக் கேட்கவும் அது உதவும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உண்மையான நோய்க்குக் கூட, தாள் தொலைந்துவிட்டதென்று "ஒன்று செய்து தருகிறேன்" என்பவரிடம் போகாதீர்கள். போலி ஆவணத்தை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 471ஆம் பிரிவின் கீழ் குற்றம். செய்து கொடுத்தவன் தப்பித்துவிடுவான், நீட்டியவர் மாட்டுவார். தொலைந்தால் ஆஸ்பத்திரியிடமே மறு நகல் கேளுங்கள்.

அந்த அக்காவுக்காக நாங்கள் எழுதிய ஈமெயிலில் மூன்றே கேள்விகள். அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தையும் கடப்பிதழ் நகலையும் இணைத்தோம். ரிப்போர்ட்டில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை என்று எழுதித் தரும்படியும் கேட்டோம். மூன்றாம் நாள் பதிவேட்டுப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஆமாம், எங்கள் ரிப்போர்ட்தான் என்று ஒரு வரி. பெயரைத் திருத்தி, கடப்பிதழ் எண்ணும் பிறந்த தேதியும் சேர்த்து, மின் கையெழுத்திட்ட புதிய பிடிஎஃப் ஒன்று. அக்கா அதைத் தன் போனில் திறந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா திரையைக் கிட்டத்தில் பிடித்து, அதில் தன் அப்பாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வாய்விட்டுப் படித்தார்.